சின் நம்பர்: கனடாவில் முதல் சம்பளத்துக்கு முன்

கனடாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எவருக்கும் ஒன்பது இலக்கங்கள் கொண்ட ஓர் எண் இருக்க வேண்டும். சமூகக் காப்புறுதி எண் என்பது அதன் முழுப் பெயர். ஸ்காபரோவிலும் மொன்றியலிலும் உள்ள தமிழர்களுக்கு அது 'சின் நம்பர்'. மத்திய அரசின் 'சர்வீஸ் கனடா' அலுவலகங்கள் இதைக் கட்டணம் எதுவும் வாங்காமல் வழங்குகின்றன. அரசிடம் ஒருவருடைய பெயரில் இருக்கும் கணக்கின் எண்தான் இது. வேலை செய்யும் உரிமையைத் தருவது குடிவரவுத் துறையின் தாள். ஆள் யார் என்று காட்டுவது கடவுச்சீட்டு. புதிதாக வந்து இறங்குபவர்கள் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதுண்டு. எண் கையில் இருப்பதால் வேலை செய்யலாம் என்று நம்பி மாட்டிக்கொள்பவர்களும் உண்டு, அடையாள அட்டையைப் போல அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் பிறகு தவிப்பவர்களும் உண்டு.

இந்த எண் 1964ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. கனடா ஓய்வூதியத் திட்டம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. நாடு முழுவதிலும் உள்ள தொழிலாளர்களிடமிருந்து சம்பளத்தில் பிடிக்கும் பணத்தை, எத்தனை முதலாளிகள் மாறினாலும், ஒரே கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. வேலையின்மைக் காப்புறுதிக்கும் அதே தேவை. இந்த இரண்டுக்காக மட்டும் வந்த எண்ணை 1967இல் வருமான வரித்துறையும் எடுத்துக்கொண்டது. அதன்பின் வங்கி, மாணவர் கடன், முதியோர் உதவித்தொகை என்று அதன் எல்லை விரிந்தது. சட்டம் சொன்ன இடங்களைத் தாண்டி, வாடகைக்கு வீடு தருபவரும் தொலைபேசி விற்பவரும்கூட அதைக் கேட்கும் பழக்கம் வந்ததும் இப்படித்தான்.

நீண்ட காலம் இது ஒரு சிறிய பிளாஸ்டிக் அட்டையாகக் கொடுக்கப்பட்டது. அதில் படம் கிடையாது. பணப்பையில் வைத்துத் தொலைப்பதற்கும் திருடு போவதற்கும் தோதான பொருளாக அது இருந்தது. 2014 மார்ச் 31உடன் அட்டை அச்சிடுவது நிறுத்தப்பட்டது. இப்போது கிடைப்பது ஒரு தாள், அல்லது இணையக் கணக்கில் தோன்றும் ஓர் அறிவிப்பு. முன்பே வந்து குடியேறிய உறவினர்கள் "கார்ட் வந்திட்டுதா?" என்று இன்னமும் கேட்பது பழைய நினைவில்தான்.

எண்ணின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் இலக்கம் அது எந்தப் பகுதியில் பதிவானது என்பதைச் சொல்லும். கிழக்குக் கரை மாகாணங்களுக்கு 1, கியூபெக்குக்கு 2 அல்லது 3, ஒன்ராறியோவின் பெரும்பகுதிக்கு 4 அல்லது 5, புல்வெளி மாகாணங்களுக்கு 6, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 7. புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டியது 9. தற்காலிக அனுமதியில் இருக்கும் மாணவர், வேலை அனுமதியில் வந்தவர், அகதிக் கோரிக்கை முன்வைத்தவர் ஆகியோரின் எண்கள் அனைத்தும் 9இல் தொடங்கும். எண்ணைப் பார்த்தவுடனேயே இவர் நிரந்தரமாக வசிப்பவரா இல்லையா என்பது முதலாளிக்குத் தெரிந்துவிடும். இதை வைத்து ஆட்களை ஒதுக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள் என்ற மனக்குறை பரவலாக உண்டு.

கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1960இல் காப்புரிமை பெற்ற முறை அது. கடன் அட்டை எண்களிலும் அதே முறைதான். விளக்கத்துக்காகப் பயன்படுத்தப்படும் 046 454 286 என்ற கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது இலக்கங்களை இரட்டிக்க வேண்டும்: 4, 4, 4, 8 ஆகியவை 8, 8, 8, 16 ஆகும். 16இன் இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் 7. இரட்டிக்காமல் விட்டவை 0, 6, 5, 2, 6. எல்லாவற்றையும் கூட்டினால் 50. கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண்ணின் அமைப்பு சரி. ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டச்சு செய்தால் கணினி உடனே பிடித்துவிடும். ஆனால் எண் யாருக்குச் சொந்தம் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

எண் பெறுவதற்கு முதலில் வேண்டியது குடிவரவுத் தாள். நிரந்தர வதிவிட உரிமை, அதாவது பிஆர், பெற்று வந்தவர் பிஆர் அட்டையைக் காட்டலாம். அட்டை தபாலில் வருவதற்கு முன்பே போகிறவர், விமான நிலையத்தில் உறுதிசெய்யப்பட்ட வதிவிட உறுதிப்பத்திரத்தையும் கடவுச்சீட்டையும் கொண்டுபோனால் போதும். வேலைக்கென்று வந்தவருக்கு வேலை அனுமதிப் பத்திரம். இவற்றுடன் பெயரையும் பிறந்த தேதியையும் காட்டும் இன்னோர் ஆவணமும் வேண்டும். கடவுச்சீட்டோ மாகாண அடையாள அட்டையோ அதற்குப் பொருந்தும். அலுவலகத்துக்கு நேரில் போகிறவர் மூலப்பிரதிகளையே கொண்டுபோக வேண்டும்.

மாணவர்களுடைய நிலைதான் சிக்கலானது. படிப்பு அனுமதிப் பத்திரம் இருப்பது மட்டும் போதாது. அந்தத் தாளின் கீழ்ப்பகுதியில் குறிப்புகளுக்கான இடம் ஒன்று இருக்கும். படிக்கும்போது வேலை செய்யலாம் என்ற வாசகம் அதில் அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சர்வீஸ் கனடா எண் தராது. குடிவரவுத் துறைக்கு எழுதித் தாளைத் திருத்தி வாங்கிய பிறகே திரும்ப வரச் சொல்வார்கள். விமான நிலையத்தில் அதிகாரி தாளை நீட்டும்போதே, பதினைந்து மணிநேரப் பயணக் களைப்பிலும், அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பவருக்குப் பல வார அலைச்சல் மிச்சம். வேலை செய்ய எண் கிடைத்தாலும் மாணவருக்கு நேர வரம்பு உண்டு. 2024 நவம்பர் 8 முதல், வகுப்புகள் நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணிநேரம் வரையே வேலை பார்க்கலாம். சின் நம்பர் அந்த வரம்பைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

அகதிக் கோரிக்கையாளர்களின் பாதை இன்னும் நீளமானது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்கள் மீனவர்களால் மீட்கப்பட்டபோது, அமைச்சரின் தனி அனுமதி கொடுத்து அவர்களை நாட்டுக்குள் விட்டார்கள். இப்போது அப்படி இல்லை. கோரிக்கையை முறைப்படி பதிவுசெய்ய வேண்டும், அரசு குறித்த மருத்துவரிடம் உடல் பரிசோதனை முடிய வேண்டும், அதற்குப் பின்பே வேலை அனுமதி. அனுமதிக்குக் கட்டணம் இல்லை. அந்தத் தாள் வந்த பிறகுதான் 9இல் தொடங்கும் சின். இடைப்பட்ட காலத்தில் சட்டப்படி சம்பாதிக்க வழி கிடையாது. 'காசுக்கு வேலை' என்று தமிழர்களிடையே சொல்லப்படும் கணக்கில் வராத வேலைகளுக்கு ஆட்கள் கிடைப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

சர்வீஸ் கனடா அலுவலகத்தில் நடப்பது எளிமையானது. வாசலில் பெயரைப் பதிந்துவிட்டு அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அலுவலர் ஆவணங்களை வாங்கிப் பார்த்து, கணினியில் விவரங்களைத் தட்டுவார். தாய், தந்தை பெயர்களைக் கேட்பார். தாயின் பிறப்புக் குடும்பப் பெயரையும் கேட்பார். உள்ளிட்டவை சரியா என்று பார்க்கச் சொல்வார். பிறகு ஒரு தாளை அச்சிட்டுக் கையில் தருவார். எல்லாம் சரியாக இருந்தால் அதே வருகையில் வேலை முடிந்துவிடும். இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆவணங்களின் தெளிவான படங்களோடு முகவரிச் சான்றும் ஏற்ற வேண்டும். தபால் வழிதான் மிக மெதுவானது. விலைமதிப்பற்ற மூல ஆவணங்களைத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிடப் பேருந்து பிடித்து நேரில் போவது மேல்.

சின் எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் இணையதளங்கள் இருக்கின்றன, ஊர் முகவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் கூடுதலாக எதுவும் செய்ய முடியாது. பணம் போவது ஒரு பக்கம், பெயரும் பிறந்த தேதியும் பெற்றோர் விவரமும் கடவுச்சீட்டுப் படமும் அவர்கள் கணினியில் தங்கிவிடுவது இன்னொரு பக்கம். ஆங்கிலமோ பிரெஞ்சோ வராது என்று தயங்குபவர்களுக்குக் குடியேறியோர் உதவி நிலையங்கள் இலவசமாகவே துணை செய்கின்றன.

தமிழர்கள் தடுக்கி விழும் இடம் பெயர். கனடாவின் படிவங்களில் முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போட்டு வளர்ந்தவர்களின் கடவுச்சீட்டில் இரண்டு பெயர்களும் ஒரே கட்டத்தில் கிடக்கும், அல்லது ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும். தாத்தாவின் பெயர் அப்பாவுக்குக் குடும்பப் பெயராகவும், அப்பாவின் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகவும், அம்மாவுக்கு அவருடைய தந்தையின் பெயராகவும் அமைந்து, ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பது இங்கே சாதாரணம். தாயின் பிறப்புக் குடும்பப் பெயர் என்ன என்ற கேள்விக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். சர்வீஸ் கனடா பெயரைத் தன் விருப்பப்படி பிரிப்பதில்லை. குடிவரவுத் தாளில் உள்ளபடியே பதிகிறது. எனவே தாளில் பெயர் பிழையாக இருந்தால் முதலில் அங்கே திருத்த வேண்டும். அதன்பின் வங்கியிலும் வேலையிடத்திலும் அதே எழுத்துக்கூட்டலையே கொடுக்க வேண்டும். ஓர் இடத்தில் முன்னெழுத்து, இன்னோர் இடத்தில் முழுப்பெயர் என்று கொடுத்தவர்களுக்கு வரி நேரத்தில்தான் வில்லங்கம் தெரியும்.

வேலையில் சேர்ந்தால் மூன்று நாட்களுக்குள் முதலாளி எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது விதி. எண் இன்னும் இல்லாதவர் அந்த மூன்று நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்ததும் தெரிவிக்க வேண்டும். வேலை கிடைப்பதற்கு முன்பே, விண்ணப்பப் படிவத்திலோ நேர்முகத்திலோ அதைக் கேட்க முதலாளிக்குத் தேவையே இல்லை. 'முதலில் சின் அனுப்புங்கள், பிறகு பேசலாம்' என்று குறுஞ்செய்தி வந்தால் வேலை என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை. 9இல் தொடங்கும் எண்ணைப் பெறும் முதலாளிக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. எண்ணின் முடிவுத் தேதியையும் வேலை அனுமதி நடப்பில் உள்ளதா என்பதையும் அவர் பார்த்தாக வேண்டும்.

இந்த எண் சம்பளச் சீட்டில் என்ன செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கியூபெக்குக்கு வெளியே, இரண்டு வாரத்துக்கு 2,000 டொலர் சம்பளம் வாங்குபவர் ஒருவர். ஆண்டுக்கு 3,500 டொலர் விலக்குப் போக, மீதிக்கு 5.95 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிடிக்கப்படும். அந்தச் சீட்டில் அது ஏறக்குறைய 111 டொலர். வேலைக் காப்புறுதிக்கு 2025ஆம் ஆண்டின் வீதப்படி 1.64 சதவீதம், ஏறக்குறைய 33 டொலர். வருமான வரி தனி. பிடித்ததைப் பார்த்து முதல் சம்பளத்தன்று முகம் சுருங்குவது இயல்பே. ஆனால் ஓய்வூதியத்துக்கு முதலாளியும் அதே 111 டொலரைப் போட வேண்டும். காப்புறுதிக்கு அவர் தொழிலாளியைவிட 1.4 மடங்கு கட்ட வேண்டும். எல்லாம் அந்த ஒன்பது இலக்கங்களின் கீழ் சேர்கின்றன.

காசுக்கு வேலை பார்ப்பவருக்கு இதில் எதுவும் நடக்காது. பிடித்தம் இல்லாததால் கையில் கூடுதலாகக் கிடைப்பதுபோல் தோன்றும். வேலை போனால் காப்புறுதிப் பணம் கேட்க 420 முதல் 700 மணிநேரம் வரை கணக்கில் பதிவான வேலை வேண்டும். எவ்வளவு என்பது வட்டாரத்தின் வேலையின்மையைப் பொறுத்தது. காசு வேலையில் அந்த மணிநேரங்கள் எங்கும் பதிவாகாது. சம்பளம் தராமல் ஏமாற்றினால் வேலை செய்ததை நிறுவுவதே பெரும்பாடு. கனடாவில் பெற்ற வேலை அனுபவத்தைக் காட்டி நிரந்தர வதிவிடம் கேட்க நினைப்பவருக்கு இழப்பு இன்னும் பெரிது. அந்த அனுபவத்துக்கு வழக்கமான சான்று, ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி முடிவதற்குள் முதலாளி கொடுக்க வேண்டிய டி4 சீட்டு.

இன்னொருவருடைய எண்ணில் வேலை செய்வதும் நடக்கிறது. தாள் இல்லாத தம்பிக்கு அண்ணன் தன் நம்பரைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் சம்பளமும் அண்ணனின் வருமானமாகவே வரித்துறையில் பதிவாகும். ஆண்டு முடிவில் அண்ணன் பெயரில் இரண்டு டி4 சீட்டுகள் நிற்கும். அவருடைய வரி கூடும். குடும்ப வருமானம் உயர்ந்ததாகக் காட்டுவதால் பிள்ளைகளுக்கான மாத உதவித்தொகை குறையும். தம்பி கட்டிய ஓய்வூதியப் பணம் தம்பி கணக்கில் வராது. சட்டப்படி இருவருமே குற்றவாளிகள். தெரிந்தே எண்ணைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு 1,000 டொலர் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். குடிவரவு வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு அபராதத்தைவிட அந்தக் குற்றப்பதிவுதான் ஆபத்து.

எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். முதலாளி, சி.ஆர்.ஏ. என்று வழங்கும் வரித்துறை, வட்டி தரும் கணக்கு வைத்திருக்கும் வங்கி, அரசு உதவித்தொகைகள், மாணவர் கடன், ஓய்வூதியச் சேமிப்பு, பிள்ளைகளின் கல்விச் சேமிப்புக் கணக்கு. கல்விச் சேமிப்புக்குப் பிள்ளைக்கும் தனி சின் வேண்டும். அதில் ஆண்டுக்கு 2,500 டொலர் போட்டால் அரசு 20 சதவீதமாக 500 டொலர் சேர்க்கிறது. ஆகவே வேலைக்குப் போகாத குழந்தைக்கும் வந்தவுடனேயே எண் எடுத்துவிடுவது நல்லது.

வீட்டுச் சொந்தக்காரருக்கும், கைபேசிக் கடைக்கும், உடற்பயிற்சி நிலையத்துக்கும் அது தேவையில்லை. கேட்பது சட்டமீறல் ஆகாது, மறுப்பதும் ஆகாது. வீடு கிடைக்காமல் அலையும் புதியவருக்கு மறுப்பது சொல்வதுபோல் எளிதல்ல என்பது உண்மை. கடன் வரலாற்றைப் பார்க்கத்தான் கேட்கிறார்கள் என்றால், பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றைக் கொண்டே அதைப் பார்க்க முடியும் என்று சொல்லலாம். புதிதாக வந்தவருக்குப் பார்க்க ஒரு கடன் வரலாறே இருக்காது என்பது வேறு கதை.

தொலைபேசி மோசடிக்காரர்களுக்கு இந்த எண் பிடித்தமான தூண்டில். 'உங்கள் சின் ஒரு குற்றத்தில் சிக்கியிருக்கிறது, அது முடக்கப்படுகிறது, கைது ஆணை தயார்' என்று பதிவுசெய்த குரல் மிரட்டும். பிறகு ஓர் 'அதிகாரி' வந்து பரிசு அட்டை வாங்கி எண்ணைப் படிக்கச் சொல்வார், அல்லது பிட்காயினாக அனுப்பச் சொல்வார். சின் நம்பரை இப்படி முடக்கும் வழக்கம் அரசுக்குக் கிடையாது. பரிசு அட்டையில் பணம் வாங்கும் அரசு அலுவலகமும் கிடையாது. ஊரில் பொலிஸ் பயத்தில் வாழ்ந்து வந்தவர்களிடம் இந்த மிரட்டல் எளிதில் பலிக்கிறது.

எண் உண்மையிலேயே களவு போனால் பொலிஸில் முறையிட வேண்டும். கனேடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பிறகு ஆதாரங்களோடு சர்வீஸ் கனடாவுக்குப் போக வேண்டும். புது எண் சுலபத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் பழையது அழியாது. அதன் பெயரில் எடுத்த கடனைக் கேட்டு யாராவது வந்தால் தான் எடுக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் நிறுவ வேண்டியிருக்கும்.

9இல் தொடங்கும் எண்ணுக்கு முடிவுத் தேதி 2003இல் வந்தது. அதற்கு முன் 1998இல் தலைமைக் கணக்காய்வாளர் நடத்திய ஆய்வில், நாட்டின் வயதுவந்த மக்கள்தொகையைவிடப் பல லட்சம் அதிகமான எண்கள் புழக்கத்தில் இருப்பது வெளிப்பட்டது. இறந்தவர்கள், நாட்டைவிட்டுப் போனவர்கள், ஏமாற்றி வாங்கியவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். இப்போது தற்காலிக எண்ணின் ஆயுள் குடிவரவுத் தாளின் ஆயுளோடு முடிகிறது. தாள் நீட்டிக்கப்பட்டால் அதைக் காட்டிச் சின் பதிவையும் நீட்டிக்க வேண்டும்; இலக்கங்கள் மாறாது. இதை மறந்துவிட்டு, வேலையிடத்தில் மனிதவளப் பிரிவு நினைவூட்டும்போது ஓடுபவர்களே அதிகம்.

பிஆர் கிடைத்ததும் வேறொரு புது எண் எடுக்க வேண்டும். அது தானாக வீட்டுக்கு வராது. முதல் தடவை போலவே விண்ணப்பிக்க வேண்டும். வந்த பிறகு முதலாளி, வங்கி, வரித்துறை, கடன் தகவல் நிறுவனங்கள் எல்லாருக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் 9 எண்ணில் சிறுகச் சிறுகச் சேர்த்த கடன் வரலாறு பின்னால் நின்றுவிடலாம். பிறகு குடியுரிமை பெறும்போது இந்த எண் மாறுவதில்லை. வாழ்நாள் முழுவதும் அதுவே. சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊருக்கே திரும்பிப் போனவர்களுக்கும் அதில் உரிமை மிஞ்சியிருக்கும். ஓய்வூதியத் திட்டத்துக்கு ஒரு தடவையேனும் முறையாகப் பணம் கட்டியவர் 60 வயதிலிருந்து அதற்கு விண்ணப்பிக்கலாம். சென்னையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் ஓய்வூதியம் அங்கேயே வரும். தொகை, கட்டிய அளவைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் கேட்கப்படுவது அந்தப் பழைய சின் நம்பர்தான்.